தலை வடக்கே, தண்ணீர் தெற்கே

பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் நான் வரைந்த குளியலறைப் படத்தை என் மனைவி முதலில் தலைகீழாகப் பிடித்துத்தான் பார்த்தாள். நிமிர்த்திக் கொடுத்தேன். அப்போதும் அவளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"இந்த நீட்டுப் பெட்டி என்ன?"

"அதுதான் டப்."

"இந்த முட்டை?"

"கொமட்."

"இது?"

அது கதவு. அப்படிச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நான் வரைந்த இடத்தில் அந்தக் கதவைத் திறந்தால் அது நேரே போய் டப்பில் இடிக்கும். உள்ளே போகிறவர் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும்.

கற்பிட்டியில் எனக்கு ஒரு கொப்பி, புத்தகக் கடை. பள்ளிக்கூடம் திறக்கிற காலத்தில் கூட்டம் வரும். மற்ற நாட்களில் விற்காமல் கிடக்கும் புத்தகங்களை நானே வாசித்து முடிப்பேன். இப்படியே ஊரில் எனக்குப் படித்தவன் என்று ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. ரோமர்கள் எப்படிக் குளித்தார்கள் என்று யாராவது கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் வால்வை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று கேட்டால் மனைவியைக் கூப்பிடுவேன்.

கூப்பிடுவேன் என்பது பழைய கதை. இப்போது அவளால் வால்வைத் திருப்ப முடியாது.

முதலில் விரல்களில் தொடங்கியது. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். காலையில்தான் மோசம். இரவு முழுக்க யாரோ மூட்டுகளுக்குள் சீமெந்து ஊற்றிப் பூசிவிட்டுப் போனது மாதிரி விரல்கள் இறுகிக் கிடக்கும். கேத்தலை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித்தான் தேத்தண்ணீர் ஊற்றுவாள். உதவப் போனால், "நீங்க தள்ளுங்க. நீங்க பக்கத்துல நிண்டா எனக்கு ரெண்டு வேல" என்பாள். தலைத்துணிக்கு ஊசி குத்திவிட ஒரு நாள் முயன்று அவள் நாடியில் குத்திவிட்டேன். அதோடு அந்தப் பதவியும் பறிபோனது. ஒரு மனிதன் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து இன்னொரு மனிதரின் விரல் மடங்குமா மடங்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பயனில்லாத வேலை உலகத்தில் இருக்க முடியாது. அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்துவந்தேன்.

புத்தளத்தில் காட்டிய டாக்டர் மாத்திரைகளை மாற்றி எழுதிவிட்டு, "காலையில எழும்பினதும் சுடுதண்ணியில கழுத்து வரைக்கும் ஊறிக் கிடந்தா மூட்டெல்லாம் இளகும். வீட்டுல டப் இருக்குத்தானே?" என்று கேட்டார். வீட்டில் கரண்டி இருக்குத்தானே என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் குளிப்பது என்றால் அள்ளி ஊற்றுவது. தண்ணீருக்குள் படுத்துக் கிடப்பது மீனின் வழக்கம்.

பஸ்ஸில் வரும்போது அவள் சொன்னாள்: "கழுத்து வரைக்கும் எண்டா களப்புலதான் எறங்கோணும்."

அவளுடைய நானா, அதாவது என் மச்சான், எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருப்பவர், செய்தி கேட்டதும் ஒரு யோசனையோடு வந்தார். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற பெரிய கிடாரம் வருசத்தில் பதினொரு மாதம் சும்மாதானே கிடக்கிறது என்றார்.

"அதுல எறக்கிட்டு என்ன செய்யப்போறீங்க நானா?" என்றாள் மனைவி. "அரிசியும் போடுவீங்களா?"

கடைசியில் டப் கிடைத்தது கடற்கரை ஹோட்டல் ஒன்றில். காற்றாடியைப் பிடித்துக்கொண்டு அலைமேல் வழுக்குவதற்காகச் சோளகக் காற்றோடு சேர்ந்து வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கும் இடம் அது. நாள் முழுக்கத் தண்ணீரில் அடிபட்டு வருகிறவர்களுக்கு மறுபடியும் தண்ணீரில் படுக்க ஆசையில்லையாம். டப்புகளைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டோம். மனேஜர் நல்ல மனுசன். அதோடு ஒரு பெரிய வெள்ளைத் துவாயையும் மடித்துத் தந்தார்.

லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் டப்பை ஏற்றி, அது விழாமல் பிடிக்க நான் அதற்குள்ளேயே உட்கார்ந்து வந்தேன். மீன் வாடியில் இருந்த ஒருவர் எழும்பி நின்று, "முதலாளி, புது வள்ளமா?" என்று கேட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓட்ட வள்ளம்டா. அடியில பாரு" என்றார். அந்த ஓட்டைதான் பிறகு எங்கள் எல்லோருடைய தலைவிதியையும் முடிவு செய்தது.

அதுவரை எனக்குத் தெரியாது, டப்புக்கு ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் கால் என்று உண்டு. தண்ணீர் போகிற ஓட்டை இருக்கிற பக்கம் செங்குத்தாக இருக்கும். தண்ணீர் திறக்கிற டெப்புகள் அங்கேதான் வரும். அது கால்மாடு. மற்றப் பக்கம் சரிவாக இருக்கும், முதுகைச் சாய்க்க. அது தலைமாடு. ஓட்டையை எங்கே வைப்பது என்று முடிவு செய்தால் மனிதர் எந்தத் திசையில் படுப்பார் என்பதும் முடிவாகிவிடும். இதை இணையத்தில் ஒரு கிழமை வாசித்துத் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டுப் படங்களில் அம்புக்குறிகள் நிறைய இருந்தன. ஒரு அம்பாவது எங்கள் வீட்டைக் காட்டவில்லை.

பைப் பூட்டுகிற பாஸ் சிலாபத்துப் பக்கத்து ஆள், கிறிஸ்தவ வேதக்காரர். வந்ததும் அளவு நாடாவை எடுக்கவில்லை. வாசலில் நின்று, "கிப்லா எந்தப் பக்கம் முதலாளி?" என்றார்.

அவர் தொழில் பழகிய காலத்தில் ஒரு முஸ்லிம் வீட்டில் கொமட்டை மேற்குப் பார்க்கப் பூட்டிவிட்டாராம். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, தொழும் திசையான கிப்லாவை முன்னுக்கோ பின்னுக்கோ வைத்து உட்காரக் கூடாது என்று சொல்லி, டைல்ஸ் எல்லாவற்றையும் கொத்த வைத்தாராம். "அண்டைக்குக் கிழிச்ச கிழியில இண்டைக்கும் சுவாமிப் படத்துக்கு முன்னால நிண்டாலும் முதல் மேற்கு எதெண்டுதான் பாக்குறேன்" என்றார்.

மச்சானும் வந்து சேர்ந்தார். கையில் போன், போனில் திசை காட்டும் முள். எங்கள் வீட்டில் மேற்கைக் கண்டுபிடிக்க முள் தேவையில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் அவர் போனைத் தரையில் வைத்து, சுற்றிவந்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

நான் என் கலண்டர்ப் படத்தை விரித்தேன். பாஸ் அதை மரியாதையாகப் பார்த்து, நாலாக மடித்து, கதவு ஆடாமல் இருக்க அடியில் செருகிவிட்டு, சோக்கட்டியால் தரையிலேயே டப்பை வரைந்தார்.

"கால மேக்க நீட்டி வைக்கேலாது" என்றார் மச்சான். "ஒழுக்கமில்ல."

"அப்ப தலைய மேக்க வைப்போம்" என்றார் பாஸ். வரைந்தார். அறை அந்தப் பக்கம் அகலம் குறைவு. டப் சுவரிலிருந்து சுவர்வரை போய்க் கதவை அடைத்துக்கொண்டது. "இப்பிடி வச்சா உள்ள போனவங்க உள்ளதான்" என்று அவரே அழித்தார்.

ஆகவே மேற்குச் சுவரோடு ஒட்டி, நீட்டுக்கு, வடக்கும் தெற்குமாக. இனி ஓட்டை எந்தப் பக்கம்? கழிவுத் தண்ணீர்க் குழி வீட்டுக்குத் தெற்கே, தென்னைக்கு அங்கால. எங்கள் மண் மணல். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். பைப்பை வடக்கிலிருந்து சுற்றிக் கொண்டுவந்தால் சரிவு போதாது, மாரி காலத்தில் குழித் தண்ணீர் திரும்பி டப்புக்குள் வரும் என்றார் பாஸ். தான் குளித்த தண்ணீர் ஒரு வாரம் கழித்துத் தன்னைப் பார்க்க வருவதை யாரும் விரும்ப மாட்டார்கள். எனவே ஓட்டை தெற்கே. டெப் தெற்கே. கால் தெற்கே. தலை வடக்கே.

"கால் கிப்லாவுக்கு இல்ல. முதுகும் கிப்லாவுக்கு இல்ல" என்றார் மச்சான் திருப்தியோடு. "வலக்கைப் பக்கம்தான் கிப்லா. இதவிட நல்லா ஒருத்தராலயும் வைக்கேலாது."

கைப்பிடிக் கம்பியை வலக்கைச் சுவரில் பூட்டுவது என்று நான் சொன்னேன். அதையும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்று ஆண்கள் ஒரு சின்ன அறைக்குள் நின்று சோக்கட்டிக் கோட்டைப் பார்த்துத் தலையாட்டினோம். நாடு பிரித்துக் கொடுத்த மாதிரி எங்களுக்கு ஒரு நிறைவு. மனைவி கேத்தலை மணிக்கட்டுகளால் இடுக்கித் தேத்தண்ணீர் ஊற்றிவைத்துவிட்டு, "எடுத்துட்டுப் போங்க, எனக்குத் தட்டத்தத் தூக்கேலா" என்று குசினியிலிருந்து சத்தம் போட்டாள். அவளிடம் டைல்ஸ் நிறம் கேட்டோம். வெளிர்ப் பச்சை என்றாள்.

இன்னொன்றும் கேட்டேன், அதைச் சொல்லாவிட்டால் எனக்கு நானே அநியாயம் செய்தவனாவேன். திருகுகிற டெப் அவளுக்குச் சரிவராது. புத்தளத்து ஹார்ட்வெயார் கடைக்குக் கூட்டிப்போய், நீட்டுப் பிடி வைத்த டெப்புகளைக் காட்டச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் முழங்கையால் தட்டித் தட்டிப் பார்த்தாள். கடைக்காரர் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். கடைசியில் ஒன்று அவள் தட்டியதும் மெல்லத் திரும்பியது. "இது நல்லம்" என்றாள். சிவப்புப் பக்கம் சுடுதண்ணீர், நீலப் பக்கம் பச்சைத் தண்ணீர். பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வழி முழுக்க ஒரு பிள்ளையைப் பிடிப்பது மாதிரி முழங்கைகளால் அணைத்திருந்தாள். அவளுக்கு அதில் நம்பிக்கை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குப் பயம் பிடித்தது.

வேலை முடிந்து, சீமெந்து காய்ந்து, ஹீட்டர் பூட்டி, ஒரு காலை எல்லாம் தயாரானது. அன்று அவளுக்கு விரல்கள் மிகவும் மோசம். நான் தண்ணீர் நிறைத்தேன். சும்மா தண்ணீர் போதாது என்று எனக்குப் பட்டது. மூட்டுக்கு நல்லது என்று நான் வாசித்து வைத்திருந்த கற்பூரத் தைலத்தைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன். அறையெல்லாம் கமகமத்தது. அவள் பழைய சாரம் ஒன்றைக் குறுக்கே கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்து மெல்ல இறங்கி, சரிவில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். ஹோட்டல் துவாயை விரித்து இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு கதவோரம் நான் நின்றேன்.

பிறகு, "இஞ்ச பாருங்க" என்றாள்.

"என்ன? சூடு கூடவா?"

"இந்தச் சுவருக்கு அங்கால கடல்தானே?"

"ஓம்."

"அப்ப எனக்கு வலக்கைப் பக்கம் கிப்லா."

"ஓம்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். "கால் அந்தப் பக்கம் போகாம வைக்க நாங்க பட்ட பாடு…"

"தல வடக்கே."

"ஓம்."

"தண்ணியில என்ன ஊத்தினீங்க?"

"கற்பூரத் தைலம். மூட்டுக்கு…"

டெப்பில் மிச்சமிருந்த ஒரு சொட்டு விழுந்தது.

"உம்மா மௌத்தான அண்டைக்கு நான்தான் தலைமாட்டுல நிண்டு குளிப்பாட்டினேன்" என்றாள், கூரையைப் பார்த்தபடி. "இப்பிடித்தான் கிடத்தினோம். கடைசித் தண்ணியில கற்பூரம் போட்டோம்."

இந்த ஊரில் எத்தனையோ மையித்துகளுக்குப் போயிருக்கிறேன். தலை வடக்கே, கால் தெற்கே, வலப்பக்கம் கிப்லா. குளிப்பாட்டும் பலகையும் அப்படி, அடக்குகிற கபுறும் அப்படி. மச்சானோ ஜனாஸா என்றால் முதல் ஆளாகக் கட்டில் தூக்குகிறவர். எங்கள் இருவருக்கும் அந்தச் சோக்கட்டிக் கோடு ஒன்றையும் சொல்லவில்லை. நாங்கள் பைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் என் கைகளில் இருந்ததைக் கவனித்தேன். பெரிய வெள்ளைத் துணி. தைக்காதது. ஏந்திக்கொண்டு வேறு நிற்கிறேன். மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"மறைக்காதீங்க" என்றாள். "கண்டுட்டேன்."

பிறகு சிரித்தாள். டப்புக்குள் சிரித்தால் சிரிப்பு பெரிதாகக் கேட்கும். நானும் சிரிக்கத் தொடங்கினேன். நான் தொடங்கிய நேரம் அவள் நிறுத்திவிட்டிருந்தாள். தண்ணீர் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னத் தூக்குங்க" என்றாள். "தூக்குங்க. இப்பவே."

வலக்கைச் சுவரில் நான் பூட்டுவித்த கைப்பிடிக் கம்பி பளபளத்துக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க விரல்கள் மடங்க வேண்டும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. பக்கத்தில் முழங்காலிட்டு அவளைத் தூக்கப் பார்த்தேன். தைலம் வழுக்கியது. என் முதுகு சட்டென்று பிடித்தது. அந்தப் பழைய கிரேக்கர் தொட்டியில் இறங்கியதும் பெரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்துத் தெருவில் ஓடினாராம். நான் தெருவுக்கு ஓடவில்லை, ஓடக்கூடிய நிலையிலும் இல்லை. கடைசியில் எப்படி வெளியே வந்தோம் என்பதை இருவரும் பிறகு பேசியதில்லை.

அதன்பின் அவள் டப் பக்கமே போகவில்லை. ஒரு வாளியில் சுடுதண்ணீர் வைத்துக் கைகளை மட்டும் நனைத்தாள். டப்பில் காயாத உடுப்புகள் சேர்ந்தன. விரல்கள் அப்படியேதான் இருந்தன. கதவு திறந்து கிடக்கும்போது அந்த வெளிர்ப் பச்சை டைல்ஸுக்கு நடுவில் டப் வெள்ளையாகப் படுத்திருக்கும். நான் போய்ச் சாத்திவிட்டு வருவேன்.

மச்சானுக்கு இது பெரிய குற்ற உணர்ச்சியாகிவிட்டது. மார்க்கம் படித்த ஓர் ஆலிமிடம் போய்க் கேட்டு வந்தார்.

"மார்க்கத்துல இதுல ஒண்டுமில்லயாம் தங்கச்சி. உசிரோட இருக்கிறவங்க எப்பிடியும் படுக்கலாமாம். அப்பிடிப் படுத்தா இன்னும் நல்லமாம்."

"மார்க்கத்துக்கு ஒண்டுமில்லாம இருக்கும் நானா" என்றாள். "எனக்கு இருக்கு."

பாஸைக் கூப்பிட்டோம். அவருக்கு நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்தார். "கொமட்டுக்குத்தான் சட்டம் எண்டு நினச்சேன் முதலாளி. உங்கட ஆக்களுக்குச் சட்டம் எவ்வளவு இருக்கு எண்டு ஒரே தடவையில சொல்லக்கூடாதா?" பிறகு குனிந்து தட்டிப் பார்த்தார். டப்பைத் திருப்பினால் ஓட்டை வடக்கே போகும். வடக்கே போனால் தண்ணீர் திரும்பி வரும். எல்லாவற்றையும் கொத்தி, குழியையே வடக்குப் பக்கம் வெட்டலாம். அங்கே கிணறு இருக்கிறது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் போனை எடுத்தார். முள் அதே பக்கத்தைத்தான் காட்டியது.

"கிடக்கட்டும்" என்றாள் அவள் கதவடியிலிருந்து. "ஒண்டையும் உடைக்க வாணாம்."

பிறகொரு காலை, முழங்கால் மடங்காமல் கட்டில் விளிம்பில் வெகு நேரம் இருந்துவிட்டு, அவளே சொன்னாள்: "தண்ணி நிறைங்க. தைலம் வாணாம். அந்தத் துணியும் வாணாம்."

பூப்போட்ட பழைய துவாயை எடுத்துவந்தேன். அவள் டப்புக்குள் இறங்கி, முதல் நாளுக்கு மாறாகத் திரும்பி உட்கார்ந்தாள்: முதுகு டெப் பக்கம், கால் சரிவுப் பக்கம். தலை தெற்கே.

"டெப் முதுகுல குத்துமே" என்றேன்.

"குத்தட்டும். இப்பிடி ஒருத்தரையும் கிடத்த மாட்டாங்க."

துவாயை மடித்து அவள் முதுகுக்கும் டெப்புக்கும் நடுவில் வைத்தேன். சரிவில் அவள் குதிகால்கள் வழுக்கி வழுக்கி இறங்கின. முழங்கால்கள் இரண்டும் பாதி தண்ணீருக்கு வெளியே தீவுகள் மாதிரித் தெரிந்தன. கழுத்து வரை என்று டாக்டர் சொன்னது நெஞ்சு வரை என்றாகிவிட்டது. ஹார்ட்வெயார் கடையில் முழங்கையால் தட்டித் தட்டித் தேர்ந்தெடுத்த டெப் இப்போது அவள் கழுத்துக்குப் பின்னால். தோளைத் திருப்ப முடியாது. தட்ட எட்டாது.

ஆகவே நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுப் பின்னால் உட்கார்கிறேன். இதுதான் இப்போது எங்கள் காலை. கடையைத் திறக்கப் பிந்துகிறது; கொப்பி வாங்க வருகிறவர்கள் காத்திருக்கிறார்கள், இல்லை போய்விடுகிறார்கள். "கொஞ்சம் சூடு" என்பாள்; சிவப்புப் பக்கம் தட்டுவேன். "காணும்" என்பாள்; மூடுவேன். சில நாள் நானாக ஒரு தட்டுத் தட்டிவிட்டால், "நான் கேட்டேனா?" என்பாள். எழும்பும்போது பின்னாலிருந்து கமுக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்குகிறேன். தலைமாட்டில் இருந்து தூக்குவது சுலபம் என்று தெரிகிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் ஊர்த் தண்ணீர் சூடானால் இலேசாகப் பால் நிறம் வரும். அதற்குள் அவள் கைகளை விரித்து மூடிப் பார்ப்பாள். பின்னால் இருக்கிற எனக்குத் தண்ணீர் அசைவது மட்டும் தெரியும். விரல் எதுவரை மடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று தெரியாது. எட்டிப் பார்த்தால் கையை எடுத்துவிடுவாள்.

இன்று காலை நெடுநேரம் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"தண்ணி நல்லா இருக்கு."

"தண்ணியக் கேக்கல்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது.

"கொஞ்சம் சூடு விடுங்க" என்றாள்.

சிவப்புப் பக்கம் தட்டினேன்.